கீமோவுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர்

முதுகில் ஒரு தாள், நான்கு மூலையிலும் ஊக்கு. தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வரி: 'அம்மாவுக்காக'. அடுத்த முதுகில், 'என் தங்கைக்காக'. இன்னொன்றில் குழந்தைக் கையெழுத்தில், 'பாட்டிக்காக'. பிரிட்டனில் கோடைக்கால வார இறுதிகளில் பெரிய ஊர்களின் பூங்காக்களுக்குப் போனால், இப்படித் தாள் குத்திய முதுகுகள் ஆயிரக்கணக்கில் நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரின் வீட்டுக் கதையைப் படித்துக்கொண்டே நடக்கிறார். அந்தக் கூட்டத்தில் சில தாள்களில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கும்: 'எனக்காக'.

இந்தக் கட்டுரை அந்தப் பெண்களைப் பற்றியது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, தையல் ஆறி, கீமோவின் பாதியிலோ கதிர்வீச்சின் கடைசியிலோ நிற்கும்போது, நிதி திரட்டும் நடை ஒன்றுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள். வீட்டில் கேட்டால் 'முடியே இன்னும் முளைக்கவில்லை, அதற்குள் என்ன நடை' என்பார்கள். டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கும். நடக்கலாமா, எவ்வளவு தூரம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு இன்று மருத்துவத்தில் தெளிவான பதில் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பதில் வேறாக இருந்தது.

680 பேரில் தொடங்கியது

'ரேஸ் ஃபார் லைஃப்' என்ற அந்தப் பூங்கா நடை 1994இல் லண்டன் பேட்டர்சீ பூங்காவில் தொடங்கியது. அன்று வந்தவர்கள் 680 பெண்கள். பந்தயம் என்று பெயரில் இருக்கிறதே தவிர, அதில் முதல் பரிசு இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம். வழக்கமான தூரம் 5 கிலோமீட்டர். வருகிறவர்கள் உறவினர், நண்பர், அலுவலகத்தார் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் வாங்கிச் சேர்த்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்கள். கால் நூற்றாண்டு காலம் பெண்களுக்கு மட்டும் என்றிருந்த இந்த நடையில் 2019 முதல் ஆண்களும் சேரலாம். இதுவரை திரண்ட தொகை 50 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. பெரும் பணக்காரர்களின் காசோலைகளைவிட, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஐந்து பவுண்டும் பத்து பவுண்டும் சேர்ந்து வந்த பணம்தான் இதில் அதிகம்.

பிரிட்டனில் ஏழு பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மார்பகப் புற்றுநோய் வருகிறது. ஆண்டுக்கு ஐம்பத்தையாயிரம் பேருக்கு மேல். அதே நாட்டில், நோய் கண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பத்து ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் பூங்காவில் அத்தனை 'எனக்காக' தாள்கள் இருப்பதன் காரணம் புரியும். சிகிச்சை முடிந்தவர்கள், நடந்துகொண்டிருப்பவர்கள், மாத்திரையை ஐந்தாண்டோ பத்தாண்டோ தொடர்கிறவர்கள் என்று பெரும் கூட்டம் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர்களை நோயாளிகள் என்றும் சொல்ல முடியாது, நோயை முற்றாக விட்டு வந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது.

லீட்ஸ் நகரத்து ஜேன்

அந்தக் கூட்டத்திலிருந்து வந்து, ஒரு நாடே பெயர் சொல்லும் அளவுக்கு உயர்ந்தவர் ஜேன் டாம்லின்சன். வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராஃபர். 1990இல், 26 வயதில், மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்தார், வேலைக்குத் திரும்பினார். 2000இல் நோய் உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவி, குணப்படுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்டது. மாதக் கணக்கில்தான் ஆயுள் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் மூன்று பிள்ளைகளின் தாய்.

அடுத்த ஆண்டு அவர் செய்த முதல் காரியம், ரேஸ் ஃபார் லைஃபுக்குப் பெயர் கொடுத்தது. வெறும் ஐந்து கிலோமீட்டர். அதை முடித்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று. 2002இல் லண்டன் மாரத்தான், அதுவும் கீமோ சிகிச்சைக்கு இடையிலேயே. 2003இல் பிரிட்டனின் வடகோடி ஜான் ஓ'குரோட்ஸிலிருந்து தென்மேற்குக் கோடி லேண்ட்ஸ் எண்டு வரை தம்பியோடு இரட்டைச் சைக்கிளில். அடுத்த ஆண்டு ரோம் நகரிலிருந்து லீட்ஸ் வரை. 2006இல் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை, ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர். 2007 ஜூனில் சொந்த ஊரில் தன் பெயரில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி, 43ஆவது வயதில் காலமானார். மாதங்கள் என்று சொல்லப்பட்ட ஆயுள் ஏழு ஆண்டுகள் நீண்டிருந்தது. அதற்குள் 15 லட்சம் பவுண்டுக்கு மேல் அவர் திரட்டியிருந்தார். லீட்ஸில் அவர் பெயரில் அந்த ஓட்டம் அவருக்குப் பிறகும் தொடர்ந்து நடக்கிறது.

ஜேனைப் பற்றிப் படிக்கும்போது மெய்சிலிர்க்கிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இப்படி ஒரு கதையைப் பத்திரிகைகள் சொல்லும்போதெல்லாம் எங்கோ ஒரு வீட்டில், நான்காவது கீமோ முடிந்து மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், 'என்னால் முடியவில்லையே' என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறாள். ஜேனின் உடம்பு, அவருக்குக் கொடுத்த மருந்து, அது அவரிடம் வேலை செய்த விதம் எல்லாம் அவருக்கே உரியவை. யாரையும் அளப்பதற்கான அளவுகோல் அவர் இல்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் ஆண்டின் அந்த ஐந்து கிலோமீட்டரைத்தான். அதுகூட எல்லோருக்கும் ஐந்தாக இருக்க வேண்டியதில்லை.

'ரெஸ்ட் எடு' என்ற பழைய மருந்து

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரைப் படுக்கவைப்பதுதான் பாசம் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். நம் வீடுகள் மட்டுமல்ல, மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. அறுவை சிகிச்சையில் அக்குளிலிருக்கும் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால், அந்தப் பக்கத்துக் கையை அசைக்கவே கூடாது என்று பயமுறுத்தினார்கள். கனமான பை தூக்காதே, குழந்தையைத் தூக்காதே, தோளுக்கு வேலை கொடுக்காதே. கை வீங்கிவிடும், வீங்கினால் வற்றாது என்று. நிணநீர் வடியும் பாதை அறுபட்டால் கையில் நீர் தேங்கி வீங்குவது உண்மைதான். அசைத்தால் அது வரும் என்பதற்கு மட்டும் யாரிடமும் ஆதாரம் இல்லை.

அதைச் சோதித்துப் பார்த்தவர் கனடாவின் வான்கூவரில் இருந்த விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி. 1996இல் அவர் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களைக் கூட்டி, டிராகன் படகில் ஏற்றித் துடுப்பைக் கையில் கொடுத்தார். துடுப்புப் போடுவதைவிடக் கைக்கும் தோளுக்கும் கடுமையான வேலை எது? பருவம் முடிந்தபோது ஒருவருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. அந்தப் பெண்கள் படகைவிட்டு இறங்க மறுத்தார்கள். இன்று உலகின் பல நாடுகளில் மார்பகப் புற்றுநோயைக் கடந்த பெண்களின் துடுப்புப் படகுக் குழுக்கள் இருக்கின்றன என்றால் அதற்கு வேர் அந்த 24 பேர்.

அதன் பிறகு சான்றுகள் வரிசையாக வந்தன. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு வாரம் இருமுறை மெல்ல மெல்லக் கூட்டும் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 2009இல் வெளியான முடிவு பழைய பயத்தைத் தலைகீழாக்கியது. பயிற்சி செய்யாதவர்களில் 29 சதவீதம் பேருக்கு வீக்கம் மோசமானது. பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு கனடாவில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 242 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், எடைப் பயிற்சி செய்தவர்களில் கூடுதலானோர் கீமோ மருந்தைத் திட்டமிட்ட அளவு குறையாமல் முடித்திருந்தார்கள்.

நடையைப் பற்றி? அமெரிக்கச் செவிலியர்களை ஆண்டாண்டாகப் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 பெண்களின் தரவு 2005இல் வெளியானது. வாரம் மூன்று முதல் ஐந்து மணி நேரம் சாதாரண வேகத்தில் நடப்பதற்குச் சமமாக உடம்பை அசைத்தவர்களிடம் அந்த நோயால் இறக்கும் ஆபத்து குறைவாகவே இருந்தது. இது கவனித்துச் சொன்ன கணக்கு. நடந்ததால்தான் பிழைத்தார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. நன்றாக இருப்பவர்கள்தானே அதிகம் நடப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் களைப்பு, மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றில் நடை செய்யும் உதவி சோதனை வைத்தே உறுதியாகியிருக்கிறது. லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு முழங்காலும் விரல் மூட்டும் காலையில் இறுகிக்கொண்டு உயிரை எடுக்கும். உடற்பயிற்சி அந்த வலியையும் தணிக்கிறது.

களைப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கீமோவின் அசதி, வேலை செய்து வரும் அசதி மாதிரி இல்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அது அப்படியே இருக்கும். பல் விளக்கிவிட்டு உட்கார வேண்டியிருக்கும். அதற்குப் படுக்கை மருந்தில்லை, படுக்கப் படுக்கத் தசை கரைந்து அசதி கூடத்தான் செய்யும். பிரிட்டனின் புற்றுநோயாளர் அமைப்பான மேக்மில்லன் 2011இல் வெளியிட்ட அறிக்கையில் இதை ஊரறியச் சொன்னது: நோயாளிகளுக்கு 'ஓய்வெடுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவதை மருத்துவர்கள் நிறுத்த வேண்டும், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் உடம்பை அசைப்பதை இலக்காக வைக்க வேண்டும்.

ஆக, நடைக்குப் பெயர் கொடுப்பதில் உள்ள உண்மையான நன்மை நடை நடக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இருக்கிறது. நாள் குறித்தாகிவிட்டது, பத்துப் பேரிடம் பணமும் வாங்கியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, தெருமுனை வரை, பிறகு கடைவீதி வரை, பிறகு பூங்காவைச் சுற்றி என்று கால் போகிறது. சிகிச்சைக்கு வேண்டியது அதுதான்.

உடம்பின் காலண்டர்

இனி, நடக்க முடிவெடுத்த பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால், முதல் சில நாட்கள் வாந்தியும் அசதியும். ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்த வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். உடம்பு பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் கிருமிக்கு எதிராகக் கையில் ஆயுதம் இல்லாத காலம் அது. மூன்றாம் வாரத்தில்தான் உடம்பு கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கும். நடை நாள் இரண்டாம் வாரத்தில் விழுந்தால், பத்தாயிரம் பேர் இருமிக்கொண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருக்கும் கூட்டத்துக்குள் போவதைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் போகவே கூடாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அன்று நடையைப் பற்றிய பேச்சே கிடையாது, நேரே மருத்துவமனைதான்.

பாக்லிடாக்சல், டோசிடாக்சல் போன்ற மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். உள்ளங்கால் மரத்துப்போகும். ஷூவுக்குள் சிறு கல் புகுந்தாலும் தெரியாது; காலுறை மடிந்து குதிகால் உரிந்தாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது ரத்தம் ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் புண் இருப்பதே தெரியவரும். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கண்ணால் பாதத்தைப் பார்க்க வேண்டும், கையால் தடவிப் பார்க்க வேண்டும். புது ஷூவை அன்றைக்கு முதன்முதலாகப் போடுவது யாருக்குமே ஆகாது, இவர்களுக்கு நிச்சயமாக ஆகாது.

கையைத் தொங்கப்போட்டு ஒரு மணி நேரம் நடந்தால் ஆரோக்கியமானவர்களுக்கே விரல்கள் கொழுக்கட்டை மாதிரி உப்பும். கணு எடுத்த பக்கத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். மோதிரத்தையும் வளையலையும் அன்று வீட்டிலேயே வைத்துவிடலாம். கால் மணிக்கு ஒருமுறை கையை உயர்த்தி, விரல்களை மடக்கி விரித்து, மடக்கி விரித்து நடக்கலாம். அழுத்தக் கையுறை எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலும் சாப்பாடுமாகத் தோளில் மாட்டும் பையின் பட்டை அறுவை செய்த பக்கத்தை அழுத்தும். இடுப்பில் கட்டும் பை நல்லது.

கதிர்வீச்சில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டில் பலர் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் இந்தச் சிகிச்சையில் தோல் கறுத்து, சிவந்து, உரியும். அந்த எரிச்சல் கடைசி அமர்வோடு தணியத் தொடங்கிவிடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது உச்சத்துக்குப் போவது முடிந்த பிறகு வரும் ஒன்றிரண்டு வாரங்களில்தான். 'வெள்ளிக்கிழமை முடிகிறது, அடுத்த ஞாயிறு நடை, கொண்டாடிவிடலாம்' என்று திட்டமிட்டவர்கள் மார்புக்கு அடியில் பிராவின் தையல் உரசிய இடத்தில் பட்டபாட்டைச் சொல்லி மாளாது. மென்மையான பருத்தி உள்ளாடை, தளர்ந்த சட்டை, அந்த இடத்தில் வெயில் படாமல் ஒரு துணி: இவை இருந்தால் போதும்.

இதயமும் எலும்பும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய விஷயங்கள். செந்நிறத்தில் ஏறும் டாக்ஸோரூபிசினும், ஹெர்செப்டின் என்ற பெயரில் தெரிந்த டிராஸ்டுசுமாப்பும் சிலருக்கு இதயத்தின் வலுவைக் குறைக்கும். அதனால்தான் இடையிடையே எக்கோ எடுக்கிறார்கள். கடைசி எக்கோவில் என்ன வந்தது என்று தெரியாமல் மேட்டில் வேகமாக ஏறக் கூடாது. எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த எலும்பில், நடையின் பாரத்தை அது தாங்குமா என்று கேட்டே ஆக வேண்டும். தமோக்சிபென் எடுப்பவர்களுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது நடந்த வலி என்று விட்டுவிடக் கூடாது. ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

வேகம்? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

நள்ளிரவில் பிரா அணிவகுப்பு

ரேஸ் ஃபார் லைஃப் பூங்காவின் பகல் என்றால், 'மூன்வாக்' லண்டனின் நள்ளிரவு. அதைத் தொடங்கிய நீனா பாரோ 1996இல் 13 பெண்கள் கொண்ட குழுவோடு நியூயார்க் மாரத்தானுக்குப் போனார். ஓடுவதற்கு அல்ல, 42 கிலோமீட்டரையும் வேகநடையாக நடந்து முடிப்பதற்கு. மார்பகப் புற்றுநோய்க்குப் பணம் திரட்டுவது நோக்கம் என்பதால், அலங்கரித்த பிராக்களை வெளியில் தெரியும்படி அணிந்தே நடந்தார்கள். அந்த யோசனை தோன்றியபோது அந்த நோயோடு நீனாவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அதே காலகட்டத்தில்தான் அவருக்கே மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. விட்டுவிடவில்லை. 1998இல், லண்டன் மாரத்தானில் எல்லோருக்கும் இடம் கிடைக்காதபோது, அதற்கு முந்தைய இரவு தாங்களே நடப்பதென்று கிளம்பினார்கள். அதுதான் முதல் மூன்வாக். பிறகு அது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சேரும் இரவாக வளர்ந்தது. முத்து, ஜிகினா, இறகு தைத்த பிராக்களோடு பெண்கள், அவர்களுக்கு நடுவே அதே மாதிரி பிரா அணிந்த ஆண்கள். முழு மாரத்தான் தூரம் முடியாதவர்களுக்குப் பாதித் தூரமும் உண்டு.

நம் ஊர்க் கண்ணுக்கு இது கூச்சமாகப் படலாம். ஆனால் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்ட பெண் அந்தக் கூட்டத்தில் நிற்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று சட்டை மாற்றவே மாதக்கணக்கில் தயங்கியவள். பஞ்சு வைத்த செயற்கை மார்பு விலகிவிட்டதோ என்று பஸ்ஸில் கையை வைத்து வைத்துப் பார்த்தவள். அன்று இரவு அவளைச் சுற்றி ஆயிரம் பேர் அதே உள்ளாடையை மேலாடையாக அணிந்து நடக்கிறார்கள். எதையும் ஒளிக்கத் தேவையில்லாத சில மணி நேரம் அவளுக்குக் கிடைக்கிறது. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுக்க எந்த மருத்துவராலும் முடியாது.

மூன்வாக்கில் திரண்ட பணத்தில் ஒரு பகுதி எங்கே போனது என்பதும் சொல்லத் தக்கது. கீமோ ஏறும்போது தலையைக் குளிர வைக்கும் தொப்பிக் கருவிகளை பிரிட்டன் முழுவதும் மருத்துவமனைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். குளிரில் தலைத்தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மருந்து மயிர்க்கால்களை அதிகம் எட்டாது. பலருக்கு முடி கணிசமாகத் தப்பும். இந்தக் கருவியைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் கிளென் பேக்ஸ்மன். அவர் குடும்பத் தொழில் பீரைக் குளிரூட்டும் கருவி செய்வது. மனைவி சூ கீமோவில் முடியை இழந்ததைப் பார்த்து, அதே குளிரூட்டும் நுட்பத்தைத் தலைக்குத் திருப்பினார். முதல் கருவி 1997இல் அந்த ஊர் மருத்துவமனையிலேயே வைக்கப்பட்டது.

இளஞ்சிவப்பின் மறுபக்கம்

எல்லோருக்கும் இந்த நடைகள் பிடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்த பிறகு, 2001இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் கோபத்தைக் கொட்டினார். எங்கு திரும்பினாலும் இளஞ்சிவப்பு ரிப்பன், கரடி பொம்மை, சிரித்த முகம். உயிர் போகும் பயத்தில் இருக்கும் பெண்ணிடம் 'உற்சாகமாக இரு' என்று வற்புறுத்தும் ஒரு கலாசாரம். நோய் எதனால் வருகிறது என்ற கேள்வி இத்தனை ரிப்பனுக்கு அடியில் காணாமல் போகிறது என்றார். அந்த விமர்சனத்துக்கு வலு இருக்கிறது. நடையின் பதாகையில் பெயர் போட்டுக்கொள்ளும் நிறுவனம் எவ்வளவு கொடுத்தது, அந்தப் பணம் எங்கே செலவானது என்று கேட்கும் உரிமை, நடக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

இன்னும் கூர்மையான வலி ஒன்று இருக்கிறது. 'வென்றவர்கள்' என்று மேடையில் கைதட்டும்போது, நோய் பரவிவிட்ட, இனிக் குணமாகாது என்று தெரிந்த பெண் அதே கூட்டத்தில் நிற்கிறாள். அவள் எதில் தோற்றாள்? மருந்து அவளிடம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஜேன் டாம்லின்சன் தன் ஓட்டங்கள் எல்லாவற்றையும் அந்த நிலையில்தான் ஓடினார். மைக்கைப் பிடிப்பவர்கள் 'போராடி வென்ற' என்ற சொற்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசினால் நல்லது.

அடையாறிலும் அப்படித்தான்

உடன்பிறந்தவளின் சாவிலிருந்து புற்றுநோய்ப் பணி பிறப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சூசன் கோமன் 36 வயதில் மார்பகப் புற்றுநோயால் 1980இல் இறந்தார். அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தங்கை நான்சி பிரிங்கர் 1982இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு டல்லஸ் நகரில் அவர் நடத்திய ஓட்டம்தான் இன்றைய பல நடைகளுக்கு முன்னோடி. அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே, 1923இல், சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். அந்த இழப்பின் நினைவிலிருந்து, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு, பலரிடம் கையேந்தி நன்கொடை திரட்டி அவர் எழுப்பியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954இல் அது தொடங்கியபோது படுக்கைகள் 12. பெண்கள் கூடி, சிறுகச் சிறுகக் காசு சேர்த்துப் புற்றுநோய்க்கு எதிராக ஒன்றைக் கட்டுவது சென்னைக்குப் புதிது இல்லை.

இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1.9 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கிறது. அக்டோபர் வந்தால் நம் நகரங்களிலும் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட விழிப்புணர்வு நடைகள் நடக்கின்றன. கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், மென்பொருள் நிறுவன ஊழியர்கள் வருகிறார்கள், பிரபலம் ஒருவர் கொடியசைக்கிறார். யாருக்காக இந்த நடையோ அவள், சிகிச்சையில் இருக்கும் பெண், பெரும்பாலும் வீட்டில் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறாள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம், மகளின் கல்யாணப் பேச்சு, தலையில் கட்டிய துணி, எல்லாம் சேர்ந்து அவளை உள்ளேயே வைத்திருக்கின்றன.

நடை ஏற்பாடு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர்ப் பதிவுப் படிவத்தில் 'சிகிச்சையில் இருக்கிறீர்களா, என்ன உதவி வேண்டும்' என்று ஒரு வரி சேருங்கள். ஐந்து கிலோமீட்டரோடு ஒரு கிலோமீட்டர்ப் பாதை ஒன்றையும் வையுங்கள். அதை முடித்தவருக்கும் அதே பதக்கத்தைக் கொடுங்கள். வழி நெடுகத் தண்ணீரோடு நாற்காலிகளும் போடுங்கள். சுத்தமான கழிப்பறை இல்லாத இடத்தில் நடையை வைக்காதீர்கள். நடுவழியில் முடியாமல் போனவரை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னாலேயே வரட்டும். நடக்கவே முடியாதவர் வந்தால் தண்ணீர் மேஜையிலோ பெயர் பதியும் இடத்திலோ அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சென்னை வெயிலுக்குக் காலை ஆறு மணியே தாமதம். அதற்கும் முன்னால் தொடங்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அவள் 'நடக்கப் போகிறேன்' என்றால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கூடப் போய், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கேளுங்கள். சரி என்று அவர் சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை அவளோடு போய் வாருங்கள்.